சீறா பாடிய புலவர் உறங்கும் சிற்றூர்



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் மதரஸாவில் பிள்ளைகளின் பேச்சு பயணத்தைப் பற்றியதாக மாறிவிடும். ஒருவர் வீட்டில் கொடைக்கானல், இன்னொருவர் வீட்டில் குற்றாலம். வசதியுள்ள குடும்பங்கள் உம்ராவுக்குப் புறப்படும். மூத்த பெண்கள் இருக்கும் வீடுகளில் நாகூர் அல்லது ஏர்வாடி. கோவில்பட்டியில் நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளையாவது “நாங்கள் எட்டயபுரம் போகிறோம்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் அரைமணி நேரம். தமிழ் முஸ்லிம்களின் பெருங்காப்பியமாகிய சீறாப்புராணத்தைப் பாடிய உமறுப்புலவர் அந்த ஊரில்தான் அடங்கியிருக்கிறார். நம்மில் பலர் அவ்வழியே நூறு முறை சென்றிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம்.

அந்த ஊரைப் பற்றி எழுதுமாறு மதரஸா பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். சுற்றுலாக் கையேட்டின் முறையில் எனக்கு எழுத வராது. கண்டதையும் கற்றதையும், என் மனத்தில் நெடுநாள் கிடக்கும் ஒரு கவலையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மண். கோவில்பட்டியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கரிசல் காடு விரியும். வெளியூரார் இதைக் கண்டு “என்ன இப்படி வறண்டு கிடக்கிறது” என்பார்கள். அவர்கள் பார்ப்பது பங்குனியிலும் சித்திரையிலும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பின் வந்து பார்த்தால் பருத்தியும், சோளமும், கம்பும், உளுந்தும், பாசிப்பயறும் பச்சை பிடித்து நிற்கும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத பூமி இது. மழையை நம்பிய வெள்ளாமை. மழை தவறினால் கடன். பருத்தி ஆராய்ச்சிக்காக 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது என்றால், இம்மண்ணின் மதிப்பை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தார்கள் என்பது பொருள். வானம் பொய்த்த ஆண்டுகளில் இம்மக்களின் அடுப்பை எரியவைத்தது தீப்பெட்டித் தொழில். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த எங்கள் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பற்றி நான் தனியே சொல்லத் தேவையில்லை. இவ்வூரிலிருந்து போகும் எந்தப் பையிலும் அது இருக்கும்.

கரிசலின் குணத்தை உழவரிடம் கேட்கலாம், கபர் தோண்டுபவரிடமும் கேட்கலாம். கோடையில் மேல்மண் பாறையாக இறுகி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழைக்காலத்திலோ மண்வெட்டியில் ஒட்டிய சேறு விலகாது. பக்கச் சுவர் சரிந்து விழும். கார்த்திகை மாதத்து மய்யித்து ஒன்றுக்குக் கபர் தோண்ட நான்கு பேர் ஒரு முற்பகல் முழுவதும் போராடியதை நான் உடனிருந்து கண்டிருக்கிறேன். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கிறார்கள். பின்னால் சொல்லப்போகும் ஒரு கேள்விக்கு இது தொடர்புடையது என்பதால் இப்போதே குறித்துவைக்கிறேன்.

எட்டயபுரம் ஒரு பாளையத்தின் தலைநகரம். புலவர்கள் அதனை இளசை என்று வழங்கினர். எட்டப்பர் என்பது அங்கு ஆண்ட பாளையக்காரர்களின் குடிப்பெயர். அந்தப் பெயர் இன்று தமிழில் என்னவாகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 1799இல் எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றார்; அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அன்றிலிருந்து காட்டிக்கொடுப்பவன் எவனாயினும் அவனுக்கு இந்தக் குடிப்பெயரே பட்டமாயிற்று. ஒருவர் செய்ததற்கு அவர் குடியும் அவர் ஊரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வசை சுமக்கின்றன. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. எங்கோ எவரோ செய்த செயலுக்காகத் தம்மைக் கூர்ந்து நோக்கும் கண்களைப் பேருந்திலும் கடைவீதியிலும் சந்தித்தவர்கள் நாம். ஆகவே எட்டயபுரத்துக்காரரிடம் அந்தச் சொல்லை வேடிக்கையாகக்கூடச் சொல்லாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதே எட்டப்பர் குடியின் முன்னோர் ஒருவர், கட்டபொம்மனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னதாக, ஒரு முஸ்லிம் இளைஞரைத் தம் அவைப்புலவராக அமர்த்தினார் என்பதையும் உடன் சொல்வேன்.

அந்த இளைஞர்தாம் உமறு. 1642இல் பிறந்து 1703இல் மறைந்தார் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. எட்டயபுரத்துக்கு அடுத்த நாகலாபுரம் அவர் பிறந்த ஊர் என்பது பரவலான செய்தி. தந்தையார் வாசனைப் பொருள் வணிகர். அரண்மனை வாடிக்கையால் குடும்பம் எட்டயபுரத்துக்கு வந்தது. மகனுக்குத் தமிழ் கற்பித்தவர் அரண்மனைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவர். வடக்கிலிருந்து வந்து அவைப்புலவர்களை அறைகூவி அச்சுறுத்திய ஒரு புலவரை, பதினாறு வயதில் தம் ஆசிரியருக்காக நின்று உமறு வென்றார் என்று ஒரு கதை உண்டு. கதையில் மிகை இருக்கலாம். ஆனால் ஓர் இந்து ஆசிரியர் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு இலக்கணத்தையும் காப்பியத்தையும் முழுமையாகக் கற்றுக்கொடுத்தார் என்பதில் மிகை ஏதும் இல்லை. சீறாவின் ஒவ்வொரு பக்கமும் அதற்குச் சான்று.

கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட உமறு முற்பட்டார். தமிழ் நிரம்ப இருந்தது; அரபு மூலங்களிலுள்ள செய்திகள் வேண்டியிருந்தன. அவற்றைக் கேட்டுப் பெறப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார். அரசவைப் புலவருக்குரிய கோலத்தில் வந்து நின்றவரைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னர்க் கனவில் கிடைத்த அருட்குறிப்பால் மனமிரங்கிப் பரங்கிப்பேட்டையிலிருந்த தம் மாணவரிடம் அனுப்பிவைத்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். நூல் நிறைவேறும் முன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொருளுதவி செய்தார். அவரைப் புலவர் நூலுக்குள்ளேயே புகழ்ந்து நன்றி பாராட்டியிருக்கிறார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். நபிகளாரின் இறுதிக் காலம் வரை நூல் செல்லவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பிற்காலத்தில் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ என்று பாடினார். ஓலையில் ஒன்றரை நூற்றாண்டு கிடந்த பெருநூலை 1842இல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர். எட்டயபுரம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை என்று மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரு நூலைத் தந்திருக்கின்றன. ஆயினும் புலவருக்குத் தமிழைத் தந்தது எட்டயபுரம்தான்.

சீறாவில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த இடம் ஒரு மாணவனின் கேள்வியால் எனக்குத் திறந்தது. நாட்டுப் படலத்தை எளிய உரைநடையில் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். காப்பிய மரபுப்படி உமறு அரபு நாட்டை வருணிக்கிறார். மேகம் கடலில் நீர் மொண்டு மலையில் பொழிகிறது, ஆறு பெருக்கெடுக்கிறது, உழவர் நாற்று நடுகிறார்கள், வயலில் தாமரை பூக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், மக்காவுல நெல் விளையுமா?” என்றான். வகுப்பு சிரித்தது. இப்ராஹீம் (அலை) அவர்கள் அந்த இடத்தைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்று துஆவில் குறித்த குர்ஆன் செய்தியை அவர்கள் அதற்கு முந்தைய மாதம்தான் ஓதியிருந்தார்கள். கேள்வி சரியான கேள்வி.

புலவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆலிம்களிடம் கேட்டு எழுதியவர் அவர். கம்பர் கோசலத்துக்குச் செய்ததை இவரும் தம் நாயகரின் நாட்டுக்குச் செய்தார் என்று இலக்கிய ஆசிரியர்கள் விளக்குவார்கள், அது உண்மையே. எனக்கு அதற்கு மேலும் ஒன்று தோன்றுகிறது. உமறு வாழ்ந்த இடத்தைப் பாருங்கள். ஆறில்லாத ஊர், கண்மாய்த் தண்ணீரை அளந்து குடிக்கும் ஊர், ஆவணி முழுவதும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் ஊர். கரிசல்காட்டில் இருந்துகொண்டு தமக்கு உயிரினும் மேலானவரின் பிறந்த நாட்டைப் பாட உட்கார்ந்தவர், அந்நாட்டுக்கு முதலில் மழையைக் கொடுத்தார். தம்மிடம் இல்லாத ஒன்றை, தாம் மிக விரும்பிய ஒன்றைக் கொடுத்தார். இதை நான் அந்தப் பையனிடம் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான். உள்ளூர்ப் பிள்ளைக்கு இதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை.

அதே பையன் சில வாரங்கள் கழித்து ஒரு நாள் அஸருக்குப் பின் தனியே வந்து நின்றான். அவன் வீட்டார் தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழ்பவர்கள். கொடுத்துவைத்த குடும்பம் அல்ல. பள்ளியில் உடன் படிக்கும் நண்பனோடு ஏதோ விளையாட்டுச் சண்டை. அதில் அந்த நண்பன், “நீங்களெல்லாம் வெளியே இருந்து வந்தவங்க” என்று சொல்லிவிட்டானாம். கைபேசியில் எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறான். இவன் என்னிடம் கேட்டது இதுதான்: “நாம எங்கேருந்து ஹஜ்ரத் வந்தோம்?”

பெரியவர்கள் கேட்டால் இதற்கு நீண்ட பதில் சொல்லலாம். பதின்மூன்று வயதில் கேட்பவனுக்கு நீண்ட பதில் உதவாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் ஏற்பாடு செய்து மாணவர் பதினெட்டுப் பேரை எட்டயபுரம் அழைத்துச் சென்றேன்.

புறப்படும் முன் ஒரு தடை வந்தது. பெற்றோர் இருவர், “அடக்கத்தலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது சரியா?” என்று கேட்டார்கள். எங்கள் மதரஸாவில் இரு சாராரின் பிள்ளைகளும் ஓதுகிறார்கள். கந்தூரிக்குத் தவறாமல் போகும் வீட்டாரும் உண்டு, தர்கா வாசலை மிதிக்காத வீட்டாரும் உண்டு. கபர்களைச் சந்திப்பதைத் தொடக்கத்தில் தடுத்திருந்த நபி (ஸல்) அவர்கள் பின்னர் அதற்கு அனுமதி அளித்ததும், அது மறுமையை நினைவூட்டும் என்று காரணம் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிம் முதலிய நூல்களில் பதிவானவை. அங்கே எதையும் கேட்கப் போவதில்லை, ஸலாம் சொல்லி அவருக்காக துஆச் செய்துவிட்டு அவர் எழுதியதைப் படிக்கப் போகிறோம் என்று விளக்கினேன். ஒருவர் மகனை அனுப்பினார். மற்றவர் அனுப்பவில்லை, அவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்விவாதத்தில் ஒரு சாரார் புலவரின் கபரில் போர்வை போர்த்துவதோடு நின்றுவிட்டார்கள்; மறு சாரார் கபரை விட்டு விலகியபோது அவருடைய நூலையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் சீறா இல்லை.

எட்டயபுரத்தில் பேரரண்மனை, பெருங்கோட்டை என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். ஜமீன் அரண்மனை சிதைந்து நிற்கிறது. கடைத்தெரு, நெசவாளர் வீடுகள், தேநீர்க் கடைகள் என்று எல்லாச் சிற்றூர்களையும் போலவே இருக்கும். உமறுப்புலவரின் அடக்கத்தலமும் ஆரவாரம் இல்லாதது. அதனைக் கட்டி எழுப்பியதில் ஒரு கோனாருக்குப் பங்குண்டு என்பது அவ்வூர்ச் செய்தி; அங்கே சென்றால் பெரியவர்கள் இதனைப் பெருமையோடு சொல்வார்கள். தமிழக அரசு கட்டிய உமறுப்புலவர் மணிமண்டபம் 2007இல் திறக்கப்பட்டது.

பிள்ளைகள் ஸலாம் சொன்னார்கள். துஆ ஓதினோம். அதன்பின் நிழலில் உட்கார்ந்து, மானுக்குப் பிணை நின்ற படலத்தை நான் படித்துப் பொருள் சொன்னேன். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக வேண்டுகிறது. அது வரும் வரை நபிகளார் தம்மையே பிணையாக வைத்து நிற்கிறார்கள். மான் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பு பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். காப்பியத்தைக் காப்பியமாகவும் ஹதீஸை ஹதீஸாகவும் படிக்கப் பழக வேண்டும். பிரித்தறியக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. அதைச் செய்யாமல் நூலையே ஒதுக்கிவைப்பது எளிது. எளிதான வழியையே நாம் எடுத்துக்கொண்டோம் என்பது என் எண்ணம்.

அந்தப் பையன் புலவரின் காலத்தை மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தான். ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர், பேசியது தமிழ், படித்தது கடிகைமுத்துப் புலவரிடம், அடங்கியது கரிசலில். “இவரு நம்ம ஊர்க்காரருதான்” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். மார்க்கம் அரபு நாட்டிலிருந்து வந்தது. மக்களில் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே இருந்தவர்கள். கடல் கடந்து வந்து மணமுடித்துத் தங்கியவர்களும் கலந்தார்கள். இதற்கு மேல் நான் விரித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று குர்ஆன் கூறுவதை மட்டும் நினைவுபடுத்தினேன்.

திரும்பும் வழியில் அவன் ஒன்று கேட்டான்: அந்த நண்பனையும் ஒரு நாள் அழைத்து வரலாமா? அழைத்து வரலாம் என்றேன். இரண்டாம் முறை சென்றபோது அவனும் வந்தான். நல்ல பிள்ளை. உமறுப்புலவர் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் கண்டிருக்கிறான், 15 கிலோமீட்டரில் இருக்கிறார் என்பது தெரியாது. நம் பிள்ளைகளின் நிலையும் அவ்வாறே. பாரதியார் பெயரைச் சொல்லத் தெரியும், அவர் பிறந்த வீட்டுக்குள் சென்றதில்லை.

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீடு அவ்வூரில் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அவர் தந்தையார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கிப் பொருளிழந்தவர். கரிசல் பருத்தியை நம்பி உயர்ந்தவர்களும் உண்டு, முறிந்தவர்களும் உண்டு. சிறுவன் சுப்பிரமணியனுக்குப் ‘பாரதி’ என்னும் பட்டம் கிடைத்ததும் இவ்வூர்ப் புலவர் அவையில்தான். எழுத்தாளர் கல்கியின் பெருமுயற்சியால் பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கட்டப்பட்ட பாரதி மணிமண்டபம், நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு அக்டோபரில் இராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது. பாரதியார் கடையத்தில் வாழ்ந்த நாள்களில் அருகிலுள்ள பொட்டல்புதூருக்குச் சென்று இஸ்லாத்தின் சிறப்பைப் பற்றி உரையாற்றினார் என்பதைப் பிள்ளைகளிடம் அந்த வீட்டு முற்றத்தில் வைத்துச் சொன்னேன். கருநாடக இசையறிஞர் முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் எட்டயபுரத்திலேயே. அவர் நினைவிடமும் உண்டு. இசை குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நான் நுழையவில்லை. திருவாரூரில் பிறந்த ஒருவரும் நாகலாபுரத்தில் பிறந்த ஒருவரும் ஒரே சிற்றூரின் அரண்மனை நிழலைத் தேடி வந்தார்கள் என்பது வரலாறு. பெண்கள் உடன் சென்றால் கைத்தறிச் சேலை வாங்காமல் திரும்ப மாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பணிபுரிகிறார். அதுவும் பரந்த கருமண் சமவெளி. கோதுமையும் பயறு வகைகளும் விளையும் நாடு. எட்மண்டன் நகரில் 1938இல் கட்டப்பட்ட அல் ரஷீத் பள்ளிவாசலின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். கனடாவில் எழுந்த முதல் பள்ளிவாசல் அது. முஸ்லிம்களோடு பிற சமயத்து வணிகர்களும் பணம் கொடுத்துக் கட்டியது. நகரம் பெருகியபோது இடிபட இருந்த அந்தச் சிறு கட்டடத்தை, முஸ்லிம் பெண்கள் முன்னின்று நிதி திரட்டிக் காப்பாற்றி, பெயர்த்துக்கொண்டு போய் நகரின் வரலாற்றுப் பூங்காவில் நிறுத்தினார்கள். இன்று பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நின்று அதனைப் பார்க்கிறார்கள். அங்கே முஸ்லிம்கள் குடியேறி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்த ஒரு நூற்றாண்டை அவர்கள் இவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் நன்னியின் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

என் தாயின் தாயாருக்கு எழுதத் தெரியாது. ஆனால் சீறாப் பாடல்கள் தெரியும். ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் ஒரு வீட்டு முற்றத்தில் விரிப்பு விரித்து, ஒருவர் இராகத்தோடு பாட்டைப் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்லுவார். பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே நன்னி மனனம் செய்திருந்தார்கள். அவர்கள் மறைந்த பின் பெட்டியைத் திறந்தபோது பாட்டனார் காலத்துச் சீறாப் பதிப்பொன்று கிடைத்தது. கரையான் நடுப்பகுதியைத் தின்றிருந்தது. பொருள் சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பிழைப்புக்காக ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். மாலை நேரங்களைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. எவர் மீதும் குற்றம் சாட்டிப் பயனில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் நாவிலிருந்து ஐயாயிரம் பாடல்கள் ஒரே தலைமுறையில் இறங்கிப் போயின.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கோவில்பட்டியிலிருந்து நகரப் பேருந்துகள் உண்டு; மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையும் எட்டயபுரத்தைத் தொட்டுச் செல்கிறது. மார்கழி முதல் மாசி வரை செல்லுங்கள்; வெயில் தாங்கும், காட்டில் பருத்தி வெடித்து நிற்பதையும் காணலாம். ஊரில் பள்ளிவாசல் உண்டு. லுஹரை அங்கேயே தொழுதுகொள்ளலாம். புறப்படும் முன் வீட்டில் ஒரு படலத்தையாவது உரையோடு படித்துவிட்டுச் செல்லுங்கள். படிக்காமல் சென்றால் அது ஒரு கட்டடமாகத்தான் தெரியும்.

எங்கள் மதரஸாவில் மான் படலத்தைப் பாராமல் சொல்லப் பிள்ளைகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கடையில் நூல் கிடைக்கவில்லை; இருந்த ஒரு பிரதியிலிருந்து பெண்பிள்ளைகள் சிலர் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பதினோரு பாடல்கள் முடிந்திருக்கின்றன. பன்னிரண்டாம் பாடலில் ஒரு சொல்லை எப்படிப் பிரிப்பது என்பது எனக்குத் தெளிவாகவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், சைவர், கேட்டேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வகுப்புக்கே வந்து சொல்லுகிறேன் என்றிருக்கிறார்.